தொட்டிக்கு அடியில் இருந்த ஓட்டை

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன் என்று திங்கட்கிழமை மனைவி போனில் சொன்னதும் பாய்லர்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பெண்டாட்டி வீடு திரும்புகிறாள் என்றால் மனுஷன் சந்தோஷப்பட வேண்டும். இவர் என்னடாவென்றால் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் அவளுடைய மணி பிளான்ட் இருந்தது. அன்று காலையில் மட்டும் ஐந்து இலை பழுத்துத் தரையில் கிடந்தது.

"குழந்தை நல்லா இருக்கான். உங்க பொண்ணும் எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டா. அது கிடக்கட்டும், என் செடி எப்படி இருக்கு?"

"அதை உன் மருமகளைக் கேளு."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? மஞ்சளாப் பழுத்துக் கொட்டுது. சொட்டுத் தண்ணி காட்டாமப் போட்டு வச்சிருக்கா. நான் எவ்வளவுதான் பாக்கறது?"

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவருக்கும் அது கேட்டது. கேட்டும் குரலைத் தணிக்கவில்லை. அவர் சுபாவம் அப்படி.

அவரைப் பாய்லர்காரர் என்றுதான் அந்தக் கட்டடம் முழுவதும் கூப்பிடும். ஊர் ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பையெல்லாம் வெளுக்கிற பெரிய சலவை ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு பாத்திரம் கொதித்தால் போதும், எங்கிருந்தாலும் எழுந்து வந்து மூடியைத் திறந்து பார்ப்பார். பாய்லர்காரனுக்கு இரண்டே சட்டம். கண்ணாடிக் குழாயில் தெரிகிற தண்ணீர் மட்டம் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றினால் ஆலை நடக்கும், இல்லாவிட்டால் கட்டடமே வானத்துக்குப் போய்விடும். முப்பத்தொரு வருஷம் இதையே செய்தவருக்கு உலகத்தில் மற்ற எல்லாமும் இந்த இரண்டு சட்டத்துக்குள் அடங்கும் என்ற நினைப்பு வந்துவிட்டது. வராமல் இருந்தால்தான் அதிசயம்.

செடி மனைவியுடையது. மூன்றாம் மாடியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம் ஒரு மருந்து பாட்டிலில் ஒற்றைக் கணுவைப் போட்டு வளர்க்க ஆரம்பித்தாள். பதினோரு வருஷத்தில் அது நார் சுற்றிய கம்பைப் பிடித்து ஏறி அவர் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைப்பாள். அவள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. தன் கத்தரிக்கோலைக்கூட மற்றவர் தொட்டால் பிடிக்காது. மருமகள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பால் காய்ச்சினால் "நான் பாத்துக்கறேன், நீ போ" என்பாள், துணி மடித்தால் பிரித்து மறுபடி மடிப்பாள். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பெண் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரியே நடமாடிக்கொண்டிருந்தாள்.

மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் புறப்பட்ட அன்று மாமியார் பெட்டியை மூடிவிட்டு மருமகளைச் செடியிடம் கூப்பிட்டாள்.

"இதை உன் பொறுப்புல விட்டுட்டுப் போறேன். வாரம் ஒரு தடவை விரலை விட்டுப் பாரு. விரல்ல ரெண்டு கணு வரைக்கும் காஞ்சிருந்தா மட்டும் ஊத்து. ஊத்துனா அடியில வடியணும். தட்டுல தண்ணி நின்னா கொட்டிடு. புரிஞ்சுதா?"

"சரி அத்தை."

அன்று சாயங்காலம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டே மருமகள் தன் புருஷனிடம் சொன்னதைப் பாய்லர்காரர் காதால் கேட்டார்.

"இந்த வீட்டுல அத்தை என்னை நம்பிக் குடுத்த முதல் பொருள் இதுதாங்க. பாருங்க, அவங்க வரும்போது ரெண்டு இலை கூடவே இருக்கும்."

மகன் பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஹாரன் அடித்து அலுத்தோ என்னவோ, வீட்டில் பேச்சே குறைவு. "ம், சரி" என்றான். ஆனால் மருமகளின் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு மாமனாருக்கே மனசு இளகியது. இளகிய மனசு எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டால், சரியாக ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் மருமகள் தண்ணீர் ஊற்றினாள். அது வழிந்து, தட்டு நிரம்பித் தரையில் ஓடியது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அவள் துணியைத் தேடி ஓட, பாய்லர்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். தரையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பழைய வேலைப்பெட்டியை எடுத்துவந்தார்.

"தொட்டியைச் சாய்ச்சுப் பிடி."

"எதுக்கு மாமா?"

"லீக்கை அடைக்கணும்ல?"

"மாமா, அது லீக் இல்ல. ஓட்டை இருக்கணும்னு அத்தை சொன்னாங்க. தண்ணி வடியறதுக்கு."

"முப்பத்தொரு வருஷம் பாய்லர் நடத்துனவன்கிட்ட ஓட்டையப் பத்தி நீ பாடம் எடுக்கறியா? வடிஞ்சு போறதுக்கா தண்ணி ஊத்தறோம்? செடி குடிக்க வேண்டாமா? பிடிம்மா, பிடி!"

அவள் பிடித்தாள். வேறென்ன செய்வாள்? மாமனார் மண்டி போட்டு, வால்வுத் தண்டில் சுற்றுகிற கயிற்றைத் துண்டு வெட்டி ஓட்டைக்குள் திணித்து, மேலே கறுப்புப் பசையைப் பூசி, கட்டைவிரலால் வட்டமாக வழித்துவிட்டார். அருமையான வேலை. ஆலையில் அவர் அடைத்த எந்த ஒழுக்கும் மறுபடி ஒழுகியதில்லை. இதுவும் ஒழுகவில்லை.

அதோடு விட்டாரா? இல்லை. மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலைக்குப் போகிறவள்; காலை எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். வீட்டில் தனியாக இருக்கிற மனுஷனுக்குப் பொழுது போக வேண்டாமா? தொட்டியின் உள்பக்கம், மண்ணுக்கு ஒரு விரல் மேலே, பென்சிலால் ஒரு கோடு போட்டார். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். மத்தியானம் மேல்மண் காய்ந்து வெளுத்துத் தெரிந்தால் ஒரு குவளை. டீ குடித்த பிறகு இன்னொரு குவளை. யாரிடமும் சொல்லவில்லை. மறைத்தார் என்று சொல்ல முடியாது. பாய்லருக்குத் தண்ணீர் விட்டதைத் தினம் யாரிடமாவது போய்ச் சொல்வார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் மண்ணில் விரல் விட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, உள்ள ஒரே ஈரமா இருக்கு. நீங்க ஊத்தறீங்களா? கொஞ்ச நாளைக்கு ஊத்தாதீங்க மாமா."

"மேல மண்ணு வெடிச்சுக் கிடக்கு, உனக்கு ஈரமா இருக்காக்கும்? சோம்பேறித்தனத்துக்கு ஒரு காரணம்!"

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதலில் அடியிலிருந்த இலைகள் பழுத்தன. பிறகு நடு இலைகள். மண்ணின் மேல் பொடிக் கொசுக்கள் மொய்த்தன. இலை பழுக்கப் பழுக்க இவர் குவளையும் கூடியது. இரண்டு மூன்றாகி, மூன்று நான்காகியது. போன வாரம் கீழ்வீட்டுத் தையல்காரம்மா திரைச்சீலைக்கு அளவெடுக்க மேலே வந்திருந்தாள். அவளைக் கையைப் பிடிக்காத குறையாக ஜன்னலுக்கு அழைத்துப் போனார்.

"பாத்தீங்களாம்மா கூத்தை? என் வீட்டுக்காரி பிள்ளையாட்டம் வளத்தது. மூணே மாசத்துல கொன்னுட்டா மகராசி. ஒரு செடியைப் பாத்துக்கத் துப்பில்ல, நாளைக்கு ஒரு பிள்ளையை எப்படி வளப்பா?"

மருமகள் அப்போது டீயோடு அங்கேதான் நின்றிருந்தாள். தையல்காரம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. டீயை வாங்காமல் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அந்தத் திங்கட்கிழமைப் போன். அவர் பேசி முடித்ததும் மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, புதன்கிழமை எனக்கு லீவு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால செடி விக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. எடுத்துட்டுப் போய்க் காட்டலாமா? அத்தை வர்றதுக்குள்ள ஏதாச்சும் பண்ணிடலாம்."

"போலாம். ஆனா தொட்டியை நான்தான் தூக்குவேன். நீ உடைச்சு வைப்பே."

தொட்டி கனமென்றால் கனம். மூன்று மாடி இறங்கி, பஸ் ஏறி, பஸ் இறங்குவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். தண்ணீரின் எடை தெரியாதவரா அவர்?

செடிக்காரம்மா வரிசையாக அடுக்கிய தொட்டிகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து, பழைய கரண்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் மண். கணீரென்ற குரல்.

"என்ன பெரியவரே, கைக்குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி வரீங்க? இங்க வைங்க. என்னவாம் இதுக்கு?"

"தண்ணியில்லாமக் காஞ்சு போச்சும்மா. வீட்டுல பாத்துக்கற ஆள் சரியில்ல."

செடிக்காரம்மா ஒரு மஞ்சள் இலையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"யார் சொன்னது தண்ணியில்லன்னு? தாகத்துல பழுத்த இலைன்னா ஓரமெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சு, கையில எடுத்தா நொறுங்கும். இதைத் தொட்டுப் பாருங்க. ஊறப் போட்ட துணியாட்டம் தொளதொளன்னு கிடக்கு. தண்டோட அடியப் பாருங்க, கறுத்துப் போச்சு. கொசு வேற. மூக்கைக் கிட்ட கொண்டு வாங்க... நாத்தம் வருதா? இது தாகம் இல்ல பெரியவரே. மூச்சு முட்டிச் சாகுது. வேருக்கும் காத்து வேணும். மண்ணுல இருக்கற காத்தையெல்லாம் தண்ணி அடைச்சுக்கிட்டா அது எங்க போயி மூச்சு விடும்?"

பாய்லர்காரர் குனிந்து முகர்ந்தார். சாக்கடையை அடைத்து வைத்தால் வருகிற வாடை. அந்த வாடை ஏறும்போதே அவருக்குள் ஏதோ இறங்க ஆரம்பித்தது.

செடிக்காரம்மா தொட்டியைத் தூக்க முயன்று, "யப்பா, கல்லா கட்டி வச்சிருக்கீங்க!" என்று முனகிக்கொண்டே ஒருக்களித்துச் சாய்த்தாள். அடிப்பக்கம் தெரிந்தது. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக, வழவழப்பாக, கட்டைவிரல் ரேகையோடு ஒரு கறுப்பு அடைப்பு.

அவள் வாயைப் பிளந்தாள். ஒரு திருப்புளியை எடுத்து அடைப்பை நெம்பினாள். லேசில் வரவில்லை. அருமையான வேலையாயிற்றே! மூன்றாம் நெம்பலில் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் கொடகொடவென்று கொட்டி அவள் செருப்பை நனைத்து, மருமகளின் கால் வரைக்கும் ஓடியது.

"அடப்பாவிங்களா! இதைப் போயி யாராச்சும் அடைப்பாங்களா? எந்த மகராசி பண்ணுன வேலை இது?" என்றவள், வீட்டில் பார்த்துக்கொள்கிற ஆள் என்று இவர் சொன்னது ஞாபகம் வந்து மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நீயா?"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் முன்னால் இருப்பவர் இறங்கட்டும் என்று நிற்போமே, அந்த மாதிரி அவருக்கு வழிவிட்டு நின்றாள்.

நான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பாய்லர்காரர் பக்கத்துத் தொட்டியிலிருந்த ஒரு ரோஜா மொட்டைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். பக்கத்தில் ஒருத்தர் வந்து ஏதோ செடியின் பேரைக் கேட்டுவிட்டுப் போனார். இவர் இன்னும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். செடிக்காரம்மாவுக்கு அது போதாதா?

"படிச்ச பொண்ணாட்டம் இருக்கே! தண்ணி வடியற ஓட்டையை அடைக்கலாமா? உன் மூக்கை அடைச்சா நீ இருப்பியா? வீட்டுல பெரியவங்க சொல்லித் தரலையா?"

"சொன்னாங்க," என்றாள்.

"சொல்லியும் கேக்கலையா? நல்ல பொண்ணும்மா நீ! ஏன் பெரியவரே, நீங்க வீட்டுல இருக்கறவருதானே? நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ம்," என்றார் பாய்லர்காரர்.

அந்த ஒரு "ம்" தான். அதை விழுங்க இனி எத்தனை நாள் ஆகுமோ என்று அவருக்கு அப்போது தெரியாது.

செடிக்காரம்மா திட்டிக்கொண்டே வேலையைப் பார்த்தாள். செடியை மண்ணோடு உருவி எடுத்து, வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசினாள். கறுத்துக் கூழாகிப் போன வேரையெல்லாம் கத்தியால் நறுக்கித் தள்ளினாள். முக்கால்வாசி போய்விட்டது. நடுவில் வெள்ளையாக ஏழெட்டு வேர் மட்டும் உறுதியாக இருந்தது. மருமகள் மண்டி போட்டு உட்கார்ந்து, லென்ஸை எடுக்கிற பதனத்தோடு அந்த வேர்களைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"இது போதும், பிழைச்சுக்கும். கேட்டுக்கம்மா, நீதானே பாக்கப் போறே. சின்னத் தொட்டியா எடுத்துக்க. பெருசுன்னா மறுபடி ஈரம் தங்கும். மண்ணோட பாதிக்குப் பாதி குறுமணலு கலந்திருக்கேன். நல்ல வெளிச்சத்துல வை, நேர் வெயில் வேணாம். பாவமா இருக்கேன்னு உரத்தைக் கிரத்தைப் போட்டுடாத. காய்ச்சக்காரனுக்கு விருந்து வச்சாப்ல ஆயிடும். புது இலை வர்ற வரைக்கும் சும்மா விடு. விரலை விட்டுப் பாத்து ரெண்டு கணு காஞ்சா மட்டும் தண்ணி. பழுத்த இலை மறுபடி பச்சையாகாது, அதுக்காக அழுதுட்டு இருக்காத. இந்தா, மேல நல்லா இருக்கற தண்டுல கணு வச்சு மூணு துண்டு வெட்டித் தரேன். பாட்டில்ல தண்ணி ஊத்திப் போட்டு வை. தாய் போனாலும் பிள்ளை இருக்கும்."

திரும்பும்போது பெரிய காலித் தொட்டி பாய்லர்காரர் காலடியில் இருந்தது. செடி வைத்த சின்னத் தொட்டியை மருமகள்தான் மடியில் வைத்திருந்தாள். அது லேசாக இருந்தது. தோள் உயரச் செடி முழங்கை உயரம் ஆகியிருந்தது. ஆறு இலை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்த பாய்லர்காரர் இரண்டு நிறுத்தம் கழித்துத் தொண்டையைச் செருமினார்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு."

"ஆமாம் மாமா."

அவரால் மருமகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே பார்த்தால் வெளியே தெரிந்தது வேறொரு முகம். சலவை ஆலையின் ரெண்டாம் ஷிப்ட்காரர் முகம்.

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய கதை அது. முதல் ஷிப்ட் முடிகிற நேரத்தில் இவர் டீ குடிக்கப் போய்ப் பேச்சில் நின்றுவிட்டார். தண்ணீர் மட்டம் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஓடிவந்து பார்த்தபோது பாதுகாப்புக்கு வைத்திருந்த ஈயக்கட்டி உருகி, நீராவி பீறிட்டு, பாய்லர் செத்துக் கிடந்தது. அதற்குள் ரெண்டாம் ஷிப்ட்காரர் வந்து நெருப்பை அணைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஓடிவந்து, "யார் கையில இருந்தது?" என்று கத்தினார். ரெண்டாம் ஷிப்ட்காரருக்குத் திக்குவாய். "நா... நா... நான் வ... வ..." என்று அவர் ஆரம்பித்தார். நான் வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல்ல வந்தார். மேனேஜர் 'நான்' என்ற முதல் இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற இவருக்கு மீதியும் தெரியும். இவர் அன்றைக்கும் செருப்பைத்தான் பார்த்தார்.

ரெண்டாம் ஷிப்ட்காரரைப் பாய்லரிலிருந்து எடுத்து, ஆஸ்பத்திரி அழுக்கு விரிப்பைப் பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். ரத்தமும் சீழும். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். தினமும் வாசலில் இவரைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போவார். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போன இவர் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தார்.

வியாழனும் வெள்ளியும் பாய்லர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் எப்போதும் போலக் காலையில் டீ போட்டுக் கொடுத்தாள். "மாமா, முட்டை அவிச்சு வச்சிருக்கேன், சாப்பிடுங்க" என்றாள். புருஷனிடம்கூட ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அவள் நாலு வார்த்தை கத்தியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தப்பித்திருப்பார். அதற்கு அந்தப் பெண் இடம் கொடுக்கவில்லை. ஜன்னலோரம் ஆறு இலைச் செடியும், பக்கத்தில் பாட்டிலில் மூன்று துண்டும் இருந்தன. பெரிய காலித் தொட்டி கழுவிப் பால்கனியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதை நிமிர்த்திப் பார்த்தார். உள்ளே தன் பென்சில் கோடு அப்படியே இருந்தது. எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ரொட்டிக் கடை தெருமுனையில் இருந்தது. அவர் பஸ் ஏறினார்.

செடிக்காரம்மா அப்போதுதான் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த ஓட்டையை அடைச்சது நான்தாம்மா."

"எந்த ஓட்டை?"

"புதன்கிழமை... மணி பிளான்ட். என் மருமகளைத் திட்டினீங்களே. அவ இல்ல. அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் அடைச்சேன். தண்ணி ஊத்துனதும் நான்தான்."

செடிக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஞாபகம் வந்த மாதிரி தெரியவில்லை.

"தினம் பத்துப் பேரு பழுத்த செடியைத் தூக்கிட்டு வராங்க பெரியவரே. எனக்கு எது ஞாபகம் இருக்கு? ஆமா, இதை எங்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"நல்லா இருக்கே! செடி அங்க இருக்கு, தண்ணியை இங்க வந்து ஊத்தறீங்களே. போங்க, போங்க. வழியை விடுங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அறுபது வயசு மனுஷன், சுலபமான இடமாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று வந்திருக்கிறார். அவளுக்கே அது தெரிந்துவிட்டது.

கட்டடத்துக்கு வந்ததும் மேலே ஏறாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். தையல்காரம்மா வாயில் ஊசியோடு திறந்தாள். நின்ற இடத்திலேயே சொன்னார். அவள் ஊசியை எடுத்துவிட்டு, "எனக்கு அன்னைக்கே மனசு கேக்கலீங்க" என்று மட்டும் சொன்னாள். எதற்கு மனசு கேட்கவில்லை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. படியேறும்போதே மேலே மனைவியின் குரல் கேட்டது.

ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது. பெட்டி வாசலிலேயே கிடந்தது. மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் இடுப்பில் கை வைத்து நின்றாள். மகன் சுவரோடு சுவராக நின்றான். மருமகள் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள்.

"பதினோரு வருஷம்! ஆறு இலை! உன்கிட்ட என்ன கேட்டேன், மலையைப் புரட்டச் சொன்னேனா? வாரம் ஒரு தடவை..."

"நான்தான்," என்றார் பாய்லர்காரர்.

யாருக்கும் காதில் விழவில்லை. மூச்சு வாங்கியது. இன்னொரு தடவை, ஆலையில் பாய்லர் சத்தத்துக்கு மேல் கத்துகிற குரலில் சொன்னார்.

"நான்தான்! ஓட்டையை அடைச்சது நான். தினம் நாலு குவளை ஊத்துனது நான். பால்கனித் தொட்டிக்குள்ள கோடு போட்டு வச்சிருக்கேன், போய்ப் பாரு. அவ வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. அவ வாயை அடைச்சுட்டு, உன்கிட்டயும் கீழ்வீட்டுலயும் அவ தலையில போட்டேன். கடையில அவளைத் திட்டும்போது பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல."

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினாள்.

"பின்ன ஏண்டி புதன்கிழமை எனக்குப் போன் பண்ணி, 'நான்தான் தண்ணி ஜாஸ்தியா ஊத்திட்டேன் அத்தை, மன்னிச்சிடுங்க'ன்னு சொன்னே? அரை மணி நேரம் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேனேடி!"

இது பாய்லர்காரருக்குத் தெரியாது.

மருமகள் சொம்பை மேஜையில் வைத்தாள். "அத்தை, முதல்ல தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். மகன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பின்னால் போகப் புறப்பட்டான். "நீ இருடா," என்று அவனை நிறுத்திவிட்டுப் பாய்லர்காரரே போனார்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. பெரிய தப்பு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அத்தைகிட்ட சொன்னதை மனசாரச் சொல்லியிருப்பேன் மாமா. நீங்க தலை குனிஞ்சு நிக்கறதைப் பாக்க எனக்கு மட்டும் ஆசையா? செடி போச்சுன்னுகூட நான் அழல. கடையில நான் உங்களைப் பாத்தேன்ல..." பால் பாத்திரத்தை எடுத்தாள். "அப்ப நீங்க ரோஜாவைப் பாத்தீங்க. அதை மட்டும் என்னால மறக்க முடியல மாமா."

பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என நினைத்திருந்தார் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவள் டீக்குப் பால் வைத்தாள். அவர் வெளியே வந்தார்.

வெளியே மனைவி பெட்டியைத் திறந்திருந்தாள். துணிகளை எடுத்து வைத்தவள், தன் கத்தரிக்கோலை எடுத்து, "இந்தாம்மா, அந்த மூணு துண்டுலயும் கீழ் இலையை நீயே வெட்டிவிடு. தண்ணிக்குள்ள இலை முங்கக் கூடாது" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

இருபது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாட்டிலில் இருந்த துண்டுகளில் இரண்டு வெள்ளையாக வேர் விட்டிருந்தன. ஒன்று அழுகிப்போய் அதை எறிந்தாயிற்று. ஆறு இலையில் ஒன்று உதிர்ந்து ஐந்தாகி, நுனியில் புதிதாக ஒன்று இன்னும் விரியாமல் சுருண்டு நின்றது. மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாய்லர்காரர் குவளையில் தண்ணீரோடு வந்து நின்றார். அந்த இருபது நாளும் இருவருக்கும் இடையே டீ, சாப்பாடு, வெயில் தவிர வேறு பேச்சில்லை.

அவர் குனிந்து மண்ணில் விரலை விட்டார். ஒரு கணு. இரண்டு கணு. விரல் நுனியில் சில்லென்று பட்டது.

"ஏம்மா," என்றார். "இன்னைக்கு ஊத்தலாமா?"

அவள் அவர் விரலைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் மாமா. வியாழக்கிழமை பாருங்க."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு, குவளைத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டுப் போனார்.